குடும்ப நலப் பகுதி: தோலில் தெரிவது தோலோடு நிற்பதில்லை



கிருஷ்ணகிரி மாவட்டம் மத்தூரிலிருந்து ஒரு சகோதரி எழுதிய கடிதத்தை முன்வைத்தே இம்மாதப் பகுதியை எழுதுகின்றேன். நான்கு வயதுடைய தம் மகளின் வயிற்றிலும் முதுகிலும் காப்பி நிறத்தில் ஏழெட்டு மறுக்கள் இருப்பதாகவும், பிறந்தபோது மங்கலாக இருந்தவை இப்போது நன்கு தெரிவதாகவும் அவர் எழுதியுள்ளார். கர்ப்பமாக இருக்கையில் கிரகண நேரத்தில் காய் நறுக்கியதால் வந்த வினை என்று மாமியார் குறை கூறுகின்றாராம். ஓசூர்த் தொழிற்சாலை ஒன்றில் பணிபுரியும் கணவர் வாரம் ஒருமுறை வீடு வருகின்றார். தாம் பேசுவதற்கு இடமில்லை என்கிறார். கணவருக்குத் தாம் மாமன் மகள் என்பதால், உறவில் மணந்ததே காரணமோ என்ற அச்சமும் அவருக்கு இருக்கின்றது. இவ்வளவுக்கும் மேலாக, நாத்தனாருக்கு வரன் பார்த்துக்கொண்டிருக்கும் இந்நேரத்தில் குழந்தையை எந்த மருத்துவரிடமும் காட்டக் கூடாது, விஷயம் வெளியே போய்விடும் என்று வீட்டில் தடுக்கின்றனராம். கடைசி வரியில் போகிற போக்கில் ஒன்றை எழுதியிருக்கின்றார்: கணவருக்கும் முதுகில் இத்தகைய மறுக்களும், கைகளில் அழுத்தினால் மெத்தென்றிருக்கும் சிறு கட்டிகளும் உண்டாம். "கொழுப்புக் கட்டி என்று விட்டுவிட்டோம்" என்கிறார்.

அந்தக் கடைசி வரியில்தான் பாதி விடை இருக்கின்றது. ஆயினும் முதலில் கிரகணத்தை முடித்துவிடுவோம். நபி (ஸல்) அவர்களின் அருமை மைந்தர் இப்ராஹீம் மரணித்த நாளில் சூரிய கிரகணம் ஏற்பட்டது. மக்கள் இரண்டையும் முடிச்சுப் போட்டுப் பேசியபோது, எவருடைய பிறப்புக்காகவோ இறப்புக்காகவோ கிரகணம் பிடிப்பதில்லை என்று திருத்தினார்கள் நபியவர்கள். தம் மகன் பிரிந்த துயர நாளிலேயே அவர்கள் மறுத்த ஒன்றை, ஒரு மருமகளின் தலையில் நாம் சுமத்துவது எவ்வகையில் நியாயம்?

இனி மருத்துவத்திற்கு வருவோம். தோல் என்பது உடம்பைப் போர்த்தியிருக்கும் வெறும் உறை என்றே நம்மில் பலர் எண்ணுகின்றோம். கருப்பையில் குழந்தை உருவாகும் மூன்றாம் வாரத்தில் அது மூன்று அடுக்குகளாக அமைகின்றது. அவற்றுள் வெளியடுக்கிலிருந்தே தோலின் மேற்பகுதி, முடி, நகம், பல்லின் எனாமல், வியர்வைச் சுரப்பிகள் ஆகியன தோன்றுகின்றன. மூளையும் தண்டுவடமும் கண்ணின் விழித்திரையும் உட்காதும் கூட அதே அடுக்கின் மக்களே. தோலுக்கு நிறம் கொடுக்கும் செல்களோ, நரம்பு மண்டலம் உருவாகும் இடத்திலிருந்து புறப்பட்டுப் பயணம் செய்து தோலை வந்தடைபவை. ஒரு தாய் வயிற்றுப் பிள்ளைகளைப் போன்ற இவ்வுறுப்புகளுக்குப் பொதுவான ஒரு மரபணுவில் பிழை நேர்ந்தால், அது தோலில் ஒரு விதமாகவும் மூளையில் வேறு விதமாகவும் கண்ணில் மற்றொரு விதமாகவும் வெளிப்படும். இவற்றுள் நம் கண்ணுக்கு முதலில் தெரிவது தோல். ஸ்கேனுக்கும் இரத்தப் பரிசோதனைக்கும் நெடுநாள் முன்பே, குளிப்பாட்டும் தாயின் கண்ணில் படக்கூடியது அது.

பாலில் காப்பி கலந்தாற்போன்ற இம்மறுக்கள் ஒன்றிரண்டு இருப்பது சாதாரணம். எத்தனையோ நல்ல உடல்நலமுடையோர்க்கு உண்டு. பருவமடையாத பிள்ளைக்கு ஐந்து மில்லிமீட்டருக்கு மேல், அதாவது துவரம்பருப்பைவிடப் பெரிதாக, ஆறு அல்லது அதற்கு மேற்பட்ட மறுக்கள் இருந்தால் மருத்துவர்கள் நியூரோஃபைப்ரோமடோசிஸ் என்ற நோயை ஐயுறுவர். பெரியவர்களுக்கு இந்த அளவு பதினைந்து மில்லிமீட்டர். அக்குளிலும் தொடை இடுக்கிலும் பொடிப்பொடியான புள்ளிகள் இருப்பின் ஐயம் வலுக்கின்றது. 1882-ஆம் ஆண்டில் ஜெர்மானிய மருத்துவர் ஃபிரெட்ரிக் ஃபான் ரெக்லிங்ஹவுசன் இதனை விரிவாக விளக்கினார். ஏறத்தாழ மூவாயிரம் பேருக்கு ஒருவர் என்ற அளவில் எல்லா நாட்டிலும் எல்லா இனத்திலும் இது காணப்படுகின்றது. அப்படிப் பார்த்தால் இது அபூர்வ நோயே அன்று. நம் ஊர்களில் பெயர் தெரியாமல் வாழ்கின்றது, அவ்வளவுதான்.

வயது ஏற ஏற நரம்புகளை ஒட்டி மிருதுவான கட்டிகள் தோலில் தோன்றும். இவை பார்வைக்கு அழகற்றவை, பெரும்பாலும் ஆபத்தற்றவை. நாம் கவலைப்பட வேண்டியது வேறு இடங்களில் இருக்கின்றது. நூற்றுக்குப் பதினைந்து குழந்தைகளுக்குக் கண் நரம்பில் கட்டி வளரலாம். சின்னஞ்சிறு பிள்ளை ஒரு கண்ணில் பார்வை மங்குவதைச் சொல்லத் தெரியாது. சிலருக்கு முதுகெலும்பு கோணும். சிலருக்கு முழங்காலுக்குக் கீழ் எலும்பு வளைந்து, முறிந்தால் கூடாமல் போகும். சிறுநீரகத்திற்குச் செல்லும் இரத்தக் குழாய் சுருங்குவதால், பத்து வயதுப் பிள்ளைக்கும் இரத்த அழுத்தம் ஏறலாம். ஏறத்தாழ பாதிப் பிள்ளைகளுக்குப் படிப்பில் தடுமாற்றம் இருக்கும். இவர்களைத்தான் வீட்டிலும் மதரஸாவிலும் பள்ளியிலும் "மக்கு" என்று அடிக்கின்றோம். எழுத்துக்கூட்டச் சிரமப்படும் பிள்ளையின் முதுகில் பிரம்பு வைக்கும் உஸ்தாதுகளும் ஆசிரியர்களும், அந்த முதுகிலுள்ள மறுக்களை ஒருமுறை எண்ணிப் பார்த்தால் நல்லது.

இந்நோயுள்ளோர் அனைவருக்கும் இவை எல்லாம் வருவதில்லை. பலர் திருமணம் முடித்து, உழைத்து, பேரன் பேத்தி கண்டு வாழ்கின்றனர். எவருக்கு எது வரும் என்று முன்கூட்டிச் சொல்ல முடியாததால்தான் ஆண்டுக்கொருமுறை கண், இரத்த அழுத்தம், முதுகெலும்பு ஆகியவற்றைப் பார்க்க வேண்டியிருக்கின்றது. உள்ளே பின்னிப் படரும் பெருங்கட்டிகளைச் சுருக்கும் செலுமெடினிப் என்ற மருந்துக்கு 2020-இல் அமெரிக்காவில் முதன்முதலாக அனுமதி கிடைத்தது. விலை நம் குடும்பங்களுக்கு எட்டாத உயரத்தில் இருக்கின்றது என்பதையும் சொல்லியாக வேண்டும்.

காப்பி நிற மறுவைப் போலவே வெள்ளை மறுவும் பேசும். வேப்பிலையைப் போல நீண்டு, ஒரு முனை கூரியதாய், சுற்றியுள்ள தோலைவிட வெளிறிய திட்டுகள் கைக்குழந்தையின் உடம்பில் மூன்று நான்கு இருந்தால், "தேமல்" என்று களிம்பு தடவி இருந்துவிடாதீர்கள். டியூபரஸ் ஸ்கிளெரோசிஸ் எனும் நோயின் முதல் அடையாளம் அதுவாக இருக்கலாம். இந்நோயில் மூளையிலும் சிறுநீரகத்திலும் இதயத்திலும் கட்டிகள் தோன்றுகின்றன. இதயத்துக் கட்டியைச் சில வேளைகளில் கர்ப்ப கால ஸ்கேனிலேயே காண்பர்; அது பெரும்பாலும் தானாகவே சுருங்கிவிடும். சிறுநீரகக் கட்டியோ வயது வந்தபின் இரத்தக் கசிவை உண்டாக்கக் கூடியது. பிள்ளை ஐந்தாறு வயதை எட்டும்போது மூக்கின் இருபுறமும் கன்னத்திலும் சிவந்த சிறு பருக்கள் அரும்பும். இவற்றை முகப்பரு எனக் கருதி ஆண்டுக்கணக்கில் மருந்து தடவுவோர் உண்டு. பருவமடையாத பிள்ளைக்கு இவ்வாறு பரு வருமா என்று ஒரு கணம் யோசித்தால் போதும்.

இதில் ஒரு செய்தியை மட்டும் எல்லாத் தாய்மார்களும் மனத்தில் இருத்த வேண்டும். நான்கைந்து மாதக் குழந்தை, உறங்கி எழும் நேரத்தில், தலையைத் திடீரென்று முன்னே கவிழ்த்துக் கைகளை விரித்து மடக்கும், சில நொடிகளில் மீண்டும், பின் மீண்டும். இருபது முப்பது முறை வரிசையாக வரும். பார்ப்பதற்கு வணங்கி சலாம் சொல்வது போல் இருப்பதால் ஆங்கிலேய மருத்துவர்களே இதனைச் "சலாம் வலிப்பு" என்றனர். 1841-ஆம் ஆண்டில் வில்லியம் ஜேம்ஸ் வெஸ்ட் என்ற மருத்துவர் தம் சொந்தக் கைக்குழந்தைக்கு வந்த இவ்வலிப்பை விவரித்து, வேறெவருக்கேனும் சிகிச்சை தெரியுமா என்று மருத்துவ இதழுக்கு மன்றாடிக் கடிதம் எழுதினார். அன்று எவருக்கும் தெரிந்திருக்கவில்லை. இன்று மருந்து இருக்கின்றது. டியூபரஸ் ஸ்கிளெரோசிஸ் குழந்தைக்கு விகாபாட்ரின் என்ற மருந்து சிறப்பாக வேலை செய்கின்றது. ஆனால் நாட்கள் கடக்கக் கடக்க மூளையின் வளர்ச்சி பின்தங்கிவிடும். நம் வீடுகளிலோ, "பிள்ளைக்கு உரம் விழுந்திருக்கிறது" என்று துணியில் போட்டு உருட்டுவோம். "பிள்ளை சலாம் சொல்கிறது" என்று மகிழ்வோரும் உண்டு. வேப்பிலைத் திட்டும் இந்த அசைவும் ஒரே குழந்தையிடம் இருக்கக் கண்டால் அன்றைக்கே புறப்படுங்கள். கைப்பேசியில் அந்த அசைவைப் படமெடுத்துக்கொண்டு போனால் மருத்துவருக்குப் பாதி வேலை முடிந்தது.

வியர்க்காத பிள்ளையைப் பார்த்திருக்கின்றீர்களா? சித்திரை வெயிலில் மற்றப் பிள்ளைகள் மாந்தோப்பில் ஓடியாடி நனைந்து வரும்போது, இவன் மேனி மட்டும் காய்ந்து நெருப்பாய்க் கொதிக்கும். காய்ச்சல் என்று ஊசி போடுவார்கள்; தணியாது. தலைமுடி மென்மையாய் அடர்த்தியின்றி இருக்கும். பற்கள் தாமதமாக, கூம்பு கூம்பாக, மிகச் சிலவே முளைக்கும். எக்டோடெர்மல் டிஸ்பிளேசியா எனப்படும் இப்பிறவிக் குறையில் வியர்வைச் சுரப்பிகளே சரியாக உருவாவதில்லை. இதற்கு நம் துணைக்கண்டத்திலேயே புகழ்பெற்ற ஒரு சான்று உண்டு. சிந்து மாகாணத்தில் ஒரு குடும்பத்தில் நான்கு தலைமுறைகளில் பத்து ஆண்களுக்குப் பற்கள் சிலவே இருந்தன. உடலில் முடி மிகக் குறைவு. கோடையில் தோல் வறண்டு துன்புற்றனர். பெண்களுக்கு இக்குறை வரவில்லை. ஆனால் அவர்கள் வயிற்றுப் பிள்ளைகளுக்கு வந்தது. ஆண்கள் தம் ஆண்மக்களுக்கு அதைக் கொடுக்கவில்லை. சார்லஸ் டார்வின் தம் நூலொன்றில் இக்குடும்பத்தைக் குறித்து எழுதினார். தாயின் எக்ஸ் குரோமோசோம் வழியாகச் செல்லும் நோய் என்பது பிற்காலத்தில் விளங்கிற்று. 1996-இல் மரபணுவும் கண்டறியப்பட்டது. இக்குறையைச் சுமக்கும் தாயின் ஒவ்வோர் ஆண் குழந்தைக்கும் பாதி வாய்ப்பு.

இதற்கென்று தோலில் தடவ ஒரு களிம்பும் இல்லை. ஈரத் துணி, நிழல், அடிக்கடி தண்ணீர், நண்பகலில் வெளியே அனுப்பாமை ஆகியவையே மருந்து. இவை தெரியாத காரணத்தால், காய்ச்சலென்று போர்வை போர்த்தியே கைக்குழந்தைகளை இழந்த குடும்பங்கள் உண்டு. மூன்று நான்கு வயதிலேயே பல்செட் பொருத்தலாம். சோறு மெல்லவும், பேச்சு தெளியவும், பள்ளியில் பிற பிள்ளைகளின் கேலியின்றி வாய் திறந்து சிரிக்கவும் அது உதவும்.

பரம்பரை நோய் என்றாலே தீராத நோய் என்று கைகழுவுவோர்க்காக இரண்டைச் சொல்கின்றேன். மூன்று மாதத்திற்குப் பின் குழந்தைக்கு வாய், கண், ஆசனவாயைச் சுற்றிச் சொறிபோல் புண், தலைமுடி கொட்டுகின்றது, கூடவே வலிப்பு, துவளல். சொறிக்குத் தனியே களிம்பு, வலிப்புக்குத் தனியே மாத்திரை என்று இரண்டு மருத்துவர்களிடம் இரண்டு சீட்டுகள். ஆனால் நோய் ஒன்று: பயோட்டினிடேஸ் குறைபாடு. பயோட்டின் என்ற வைட்டமினை உடல் மீட்டெடுத்துப் பயன்படுத்தத் தேவையான நொதி இக்குழந்தைகளிடம் இல்லை. நாள்தோறும் ஐந்து முதல் இருபது மில்லிகிராம் வரை பயோட்டின் கொடுத்தால் வலிப்பு நிற்கும், முடி வளரும், பிள்ளை மற்றப் பிள்ளைகளைப் போல் வளரும். விலை மிகக் குறைவு. ஆயுள் முழுதும் கொடுக்க வேண்டும். தாமதித்தால் கேட்கும் திறனும் பார்வையும் போய்விடும், போனவை திரும்புவதில்லை. பல நாடுகளில் பிறந்த குழந்தையின் குதிகாலில் குத்தி எடுக்கும் ஒரு சொட்டு இரத்தத்திலேயே இதனைப் பார்த்துவிடுகின்றனர். நம் நாட்டில் எல்லாக் குழந்தைகளுக்கும் இச்சோதனை நடைபெறுவதில்லை. ஆகவே கேட்டு வாங்க வேண்டியவர் பெற்றோரே. மற்றொன்று, தாய்ப்பாலை நிறுத்தியபின் அதே இடங்களில் புண்ணும் தீராத வயிற்றுப்போக்கும் வருவது. குடல் துத்தநாகச் சத்தை உறிஞ்சாத பிறவிக் குறை அது. துத்தநாக மருந்து கொடுத்தால் சில நாட்களில் புண் ஆறத் தொடங்கும்.

இன்னும் சிலவற்றைச் சுருக்கமாகக் குறிப்பிடுகின்றேன். நெற்றிக்கு மேல் ஒரு கற்றை முடி பிறவியிலேயே நரைத்து, கண்மணி நீலமாக இருந்தால், அதிர்ஷ்டக் குழந்தை என்று கொண்டாடுவதற்குமுன் காதைச் சோதியுங்கள். வார்டன்பர்க் எனும் இக்குறையில் பலருக்குச் செவி கேளாது. ஆறு வயதுக்குள் கண்டறிந்தால் முதலமைச்சரின் மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் காக்ளியர் கருவி பொருத்த வழி உண்டு. மேனி முழுதும் வெளுத்துப் பிறந்த குழந்தைக்குப் பார்வை குறைவாக இருக்கும்; பள்ளியில் முன்வரிசையும் பெரிய எழுத்துப் புத்தகமும் தேவை. வெயில் பட்டதும் கண் கூசி, இரண்டு வயதுக்குள் முகமெல்லாம் கரும்புள்ளிகள் தெறிக்கும் பிள்ளையை வெயிலிலிருந்து முழுமையாகக் காக்க வேண்டும். ஸீரோடெர்மா பிக்மென்டோசம் எனும் அந்நோயில் சிறுவயதிலேயே தோல் புற்று வருகின்றது, சிலருக்கு நரம்புகளும் நலிகின்றன. இவற்றில் எதுவும் வெண்புள்ளி நோயன்று, குஷ்டமுமன்று, ஒட்டிக்கொள்வதுமில்லை.

உறவுத் திருமணம் பற்றி இனிப் பேசலாம். மேற்சொன்னவற்றுள் பயோட்டினிடேஸ் குறை, துத்தநாகக் குறை, மேனி வெளுப்பு, வெயில் நோய் ஆகியவை பெற்றோர் இருவரிடமும் மறைந்திருக்கும் ஒரே பிழை சந்திப்பதால் வருபவை. அத்தகைய தம்பதியரின் ஒவ்வொரு குழந்தைக்கும் நான்கில் ஒரு வாய்ப்பு. ஒரே பாட்டனாரின் பேரப்பிள்ளைகள் மணந்தால் இச்சந்திப்பு எளிதாகின்றது. 2019-21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பில் தமிழகத்தில் நூற்றுக்கு 28 பெண்களும் கர்நாடகத்தில் 27 பெண்களும் உறவில் மணந்தவர்கள். நாட்டிலேயே முன்னிலையில் நிற்கும் இரு மாநிலங்களின் எல்லையில்தான் ஓசூரும் கிருஷ்ணகிரியும் இருக்கின்றன. பொதுவாக நூற்றுக்கு இரண்டு மூன்று குழந்தைகள் பிறவிக் குறையுடன் பிறக்கின்றன என்றால், மாமன் மகள், அத்தை மகன், சாச்சா மகள் என மணப்போரிடையே இன்னும் இரண்டு மூன்று கூடுகின்றது. அஃதாவது ஏறத்தாழ தொண்ணூற்றைந்து நலமே. எனினும் தலைமுறை தலைமுறையாக ஒரே வீட்டுக்குள் கொண்டும் கொடுத்தும் வந்தால் இந்த எண்ணிக்கை நிற்பதில்லை.

தாய்மாமன் தன் சகோதரி மகளை மணப்பதைக் குர்ஆன் தடுத்துவிட்டது; அவ்வகையில் நம் சமுதாயம் பெரும் பாதுகாப்பைப் பெற்றிருக்கின்றது. மாமி மகளை மணப்பது ஆகுமானது. அன்னை ஜைனப் பின்த் ஜஹ்ஷ் (ரலி) அவர்கள் நபியவர்களின் அத்தை மகளே. ஆகுமானது எனில் கட்டாயம் என்று பொருளில்லை. மணப்பெண்ணிடம் நாட வேண்டிய பண்புகளுள் நெருங்கிய உறவினளாக இல்லாதிருத்தலையும் ஒன்றாக இமாம் கஸ்ஸாலி (ரஹ்) அவர்கள் தம் இஹ்யாவில் எழுதியுள்ளார்கள். குடும்பத்தில் ஏற்கனவே இத்தகைய குழந்தை ஒன்று பிறந்திருக்கும்போது, சொத்துப் பிரியக் கூடாது என்பதற்காக அதே உறவில் மறுபடியும் நிக்காஹ் பேசுவதை நான் ஒருபோதும் சரியென்று சொல்ல மாட்டேன்.

மத்தூர்ச் சகோதரிக்கு இப்போது நேராகவே எழுதுகின்றேன். உங்கள் மகளுக்கு இருப்பதாக நான் ஐயுறும் நியூரோஃபைப்ரோமடோசிஸ், உறவில் மணந்ததால் வருவதன்று. பெற்றோரில் ஒருவரிடம் இருந்தாலே போதும், ஒவ்வொரு குழந்தைக்கும் பாதி வாய்ப்பு. ஏறத்தாழ பாதிப் பேருக்குக் குடும்பத்தில் எவருக்கும் இல்லாமல் புதிதாகவும் தோன்றுகின்றது. உங்கள் கணவரின் மறுக்களும் கட்டிகளும் அதுவே என்றால், விடை தெரிந்துவிட்டது. இதை மாமியாரிடம் பதிலடியாகச் சொல்லிவிடாதீர்கள். உங்கள் கணவர் இதனைத் தேடி வாங்கவில்லை; அவரும் மகளுடன் சேர்ந்து பரிசோதனை செய்துகொள்ள வேண்டியவர். முதலில் அவருடைய இரத்த அழுத்தத்தைப் பார்க்கச் சொல்லுங்கள்.

நாத்தனாரின் திருமணத்திற்காக மறைக்கின்றார்கள் என்றீர்கள். இந்நோய் உடையவர்களுக்கு இளமைப் பருவத்திற்குள் அடையாளங்கள் அநேகமாக வெளிப்பட்டுவிடும். மணவயதை எட்டிய அப்பெண்ணை ஒரு தோல் மருத்துவர் நன்கு பார்த்து, மறுவும் இல்லை, அக்குள் புள்ளியும் இல்லை, கட்டியும் இல்லை, கண்ணிலும் ஒன்றுமில்லை என்று சொல்லிவிட்டால், அவரிடம் அது இல்லை; அவர் பெறும் பிள்ளைகளுக்கும் அவர் வழியாகச் செல்லாது. பரிசோதனை அவருடைய வரனைக் கெடுக்கும் என்று அஞ்சுகின்றார்கள். பெரும்பாலும் அவரை விடுவிக்கப் போவதே அதுதான். ஒருவேளை அவரிடமும் இருக்குமானால், நிக்காஹுக்கு முன் மாப்பிள்ளை வீட்டார் அறிந்திருப்பது நேர்மை; பிறகு தெரிந்து வரும் மனக்கசப்பைக் காட்டிலும் அது எளிது. உங்கள் மாமியாரிடம் இதை எடுத்துச் சொல்வதற்கு, நம் பள்ளிவாசல் இமாமின் துணைவியாரையோ, வீட்டில் மூத்த ஒருவரையோ உடன் அழைத்துக்கொள்ளுங்கள்.

செலவுக்கு அஞ்ச வேண்டாம். முதற்கட்டத்திற்கு எந்த மரபணுச் சோதனையும் தேவையில்லை. பகல் வெளிச்சத்தில் மகளை நிறுத்தி, ஓர் அளவுகோலைக் கொண்டு ஒவ்வொரு மறுவையும் அளந்து தாளில் எழுதுங்கள். அக்குளையும் பாருங்கள். அத்தாளுடன் கிருஷ்ணகிரி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குச் சென்று தோல் பிரிவிலும் குழந்தைகள் பிரிவிலும் காட்டி, கண் மருத்துவரிடம் விழி நரம்பைப் பார்க்கச் சொல்லுங்கள். அவர்கள் மேற்கொண்டு பார்க்க வேண்டும் என்றால் வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில் மரபியல் பிரிவு உண்டு. உங்கள் கணவர் ஓசூரில் இருப்பதால் பெங்களூரும் தொலைவில்லை. ஞாயிறன்று அவர் வீடு வரும்போது இவ்விதழை அவர் கையிலேயே கொடுத்துப் படிக்கச் செய்யுங்கள். மறுக்கள் எத்தனை, பெரியது எத்தனை மில்லிமீட்டர், கண் மருத்துவர் என்ன சொன்னார் என்பதை எழுதுங்கள். பெயரும் முகவரியும் வெளியிடப்படமாட்டா.